மோய்செஸ்வில்: பாரனின் பணம் வருவதற்கு முன்பே தொடங்கிய ஊர்

நீங்கள் கேட்டிருப்பது இது: கடை வைத்தும் தையல் வேலை செய்தும் பிழைத்த ரஷ்ய யூதர்களை பாரன் (பிரபு) ஹிர்ஷ் என்ற கோடீஸ்வரர் அர்ஜென்டினாவுக்குக் கூட்டிப்போய், நிலம் வாங்கிக் கொடுத்து, 1891-இல் மோய்செஸ்வில் என்ற விவசாய ஊரை நிறுவினாராமே, பணம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் விவசாயி ஆக்கிவிட முடியுமா, அப்புறம் அது கிபுட்ஸ், அதாவது நிலமும் வருமானமும் எல்லோருக்கும் பொதுவான யூதக் கூட்டுப்பண்ணை, மாதிரியான ஊரா? ஆண்டையும் பெயரையும் விட்டுவிட்டுப் பார்த்தால், உங்கள் கேள்வியின் உயிர் நடுவில்தான் இருக்கிறது: மண்ணைத் தொடாதவர்களுக்கு மண் எப்படிக் கைவந்தது, அதில் பணத்தின் பங்கு எவ்வளவு. நான் 27 வருடம் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவன். புதிதாக நிலம் கிடைத்தவர்களோடு முதல் இரண்டு மூன்று போகம் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்காக உலகத்தின் பல குடியேற்றங்களைப் பற்றிப் படித்ததில் மனதில் ஒட்டிக்கொண்ட ஊர் இந்த மோய்செஸ்வில். அங்கே நான் போனதில்லை. குடியேறிகள் யித்திஷ் என்ற கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியில் எழுதிவைத்த நினைவுகளை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அவற்றிலும் ஹிர்ஷின் குடியேற்றச் சங்கம் என்ற கம்பெனியின் நிர்வாகிகளுடைய அறிக்கைகளிலும் ஒரே சம்பவம் இரண்டு விதமாக வரும். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை உறுதியாகச் சொல்கிறேன், மற்றதை வாய்வழிச் செய்தி என்றே சொல்கிறேன்.

முதலில் ஆண்டு. மோய்செஸ்வில்லின் பிறப்பு 1889. ஊர்க்காரர்கள் அந்த வருடம் அக்டோபர் 23-ஐ நிறுவன நாளாகக் கொண்டாடுகிறார்கள். பாரன் மோரிஸ் டி ஹிர்ஷின் யூதக் குடியேற்றச் சங்கம் லண்டனில் பதிவானது 1891 செப்டம்பரில். அதாவது அவருடைய பணம் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த மக்கள் அங்கே இருந்தார்கள், பட்டினி கிடந்தார்கள், பிள்ளைகளைப் புதைத்தார்கள், ஊருக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பெயரில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மோய்செஸ் என்றால் மோசே. ஹிர்ஷின் எபிரேயப் பெயரும் மோசேதான், அதனால் ஊர் அவர் பெயரில் வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில், குடியேறிகளுடன் கப்பலில் வந்த ரபி (யூத மதகுரு) ஆரோன் ஹலேவி கோல்ட்மன் ‘கிரியத் மோஷே’, அதாவது மோசேயின் ஊர் என்று வைத்தார், எகிப்திலிருந்து மோசே மக்களை வெளியே கூட்டிவந்தது போல நாமும் ரஷ்யாவிலிருந்து வெளியே வந்தோம் என்ற அர்த்தத்தில். அது ஸ்பானியக் காகிதங்களில் ஏறும்போது மோய்செஸ்வில் ஆனது. பாரன் பெயரில் உண்மையாகவே ஒரு ஊர் உண்டு, புவனோஸ் அயர்ஸ் மாகாணத்தில் இருந்த மௌரிசியோ. அது அவருடைய சங்கமே 1891-இல் தொடங்கியது.

அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1881-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து தெற்கு ரஷ்யாவில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 1882 மே மாதச் சட்டங்கள் யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறவும், நகரத்துக்கு வெளியே நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் தடை போட்டன. யூதர்களுக்கு விவசாயம் தெரியாது என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது, நிலத்தைத் தொடவே விடாத சட்டம் ஒன்று இருந்ததை மறந்துவிடுகிறோம். அதற்கு முன்பும் எல்லோரும் கடைக்காரர்களாக மட்டும் இருக்கவில்லை. கெர்சன் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே யூத விவசாயக் கிராமங்கள் இருந்தன. ஆனால் மோய்செஸ்வில்லுக்குப் போனவர்கள் அந்தப் பகுதிக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் இன்றைய உக்ரைனில் இருக்கும் பொதோலியா, காமெனெட்ஸ் வட்டாரத்துச் சிறு நகரவாசிகள். சில்லறை வியாபாரம், கைத்தொழில், தானியத் தரகு இவைதான் பிழைப்பு. தானியத்தின் தரம் தெரியும், மாடு பார்த்து விலை பேசத் தெரியும், ஏர் பிடிக்கத் தெரியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இவர்களுடைய பிரதிநிதிகள் பாரிஸுக்குப் போனது பாலஸ்தீனத்தில் குடியேற வழி கேட்டுத்தான். அங்கே கதவு திறக்கவில்லை. அதே பாரிஸில் அர்ஜென்டினா அரசுக்குக் குடியேற்ற அலுவலகம் இருந்தது. ஐரோப்பியக் குடியேறிகளை வரவழைப்பதை அந்த நாடு 1853 அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருந்தது, 1876-இல் அதற்குத் தனிச் சட்டமும் போட்டது. அந்த ஆசையை நம்பி லா பிளாட்டா நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் தருவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, முன்பணமும் கட்டி, ஜெர்மனியின் பிரெமனில் ‘வேசர்’ கப்பல் ஏறினார்கள். 1889 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சுமார் 820 பேர் புவனோஸ் அயர்ஸில் இறங்கினார்கள். இறங்கியதும் தெரிந்தது, ஒப்பந்தம் செல்லாது. இடைப்பட்ட மாதங்களில் நிலத்தின் விலை ஏறிவிட்டது, பழைய விலைக்குக் கொடுக்க உரிமையாளருக்கு மனமில்லை. அர்ஜென்டினா அப்போது பெரிய ரியல் எஸ்டேட் வெறியில் இருந்தது. அடுத்த வருடமே 1890 நெருக்கடியில் அந்த நாட்டுப் பணமும் நில விலையும் சேர்ந்து சரிந்தன. ஒரு வருடம் தள்ளி வந்திருந்தால் இவர்களைத் தேடிப்பிடித்து விற்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். குடியேற்றத்தில் காலம் அப்படித்தான் ஆளை ஏமாற்றும்.

நடுத்தெருவில் நின்றவர்களுக்கு, தலைநகரில் ஏற்கெனவே இருந்த சிறிய யூத சபை கைகொடுத்தது. அந்தச் சபையோடு பழக்கமுள்ள பெத்ரோ பாலாசியோஸ் என்ற நிலச்சுவான்தாருக்குச் சாந்தா ஃபே மாகாணத்தில், துகுமானை நோக்கி அப்போது போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதையை ஒட்டி, பெரும் நிலப்பரப்பு இருந்தது. ரயில் வருகிறது, ஆள் வேண்டும், ஆள் இருந்தால் நிலத்துக்கு விலை வரும் என்பது அவர் கணக்கு. புதிய ஒப்பந்தம் போட்டார்கள். குடியேறிகளின் நினைவுகள் சொல்வது, வீடு, ஏர், மாடு, விதை, முதல் அறுவடை வரைக்குமான உணவு எல்லாம் தருவதாகப் பேச்சு என்று. ரயிலில் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் இவற்றில் எதுவுமே இல்லை. சரக்குக் கொட்டகையிலும் ஓரத்தில் நிறுத்திவைத்திருந்த ரயில் பெட்டிகளிலும் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். ரயில் பாதைக் கூலிகள் சாப்பிட்டு மிஞ்சியதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் காய்ச்சல் பரவியது.

60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சில வாரங்களுக்குள் செத்தார்கள் என்பதில் எல்லாப் பதிவும் ஒத்துப்போகிறது. நோய் எது என்பதில் அந்த உறுதி கிடையாது. டைஃபஸ் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள், அது பேன் மூலம் பரவும் காய்ச்சல், நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் வரக்கூடியதுதான். ஆனால் ஸ்பானிய மொழியில் டைபாய்டையும் அதே சொல்லால் அழைப்பதுண்டு. அது கெட்ட தண்ணீரால் வருவது, அந்தக் கொட்டகைக்கு அதுவும் பொருந்தும். சவப்பெட்டி செய்யப் பலகை இல்லாமல் மண்ணெண்ணெய் டின்களில் வைத்துக் கைக்குழந்தைகளைப் புதைத்தார்கள் என்று அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். இது வாய்வழிச் செய்தி. ஆனால் அர்ஜென்டினாவின் முதல் யூதக் கல்லறைத் தோட்டம் மோய்செஸ்வில்லில்தான் உருவானது என்பது வரலாறு. வீடு கட்டும் முன்பே இடுகாடு தேவைப்பட்ட ஊர் அது. இந்தப் பகுதியை எப்போது படித்தாலும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன்.

இங்கேதான் வில்ஹெல்ம் லோவென்தால் வருகிறார். ருமேனியாவில் பிறந்த யூதர், சுகாதாரத் துறை மருத்துவர், அர்ஜென்டினா அரசின் வேலையாக வந்தவர். ரயிலில் போய்க்கொண்டிருந்தவர், அவர்கள் இறக்கிவிடப்பட்ட பாலாசியோஸ் நிலையத்தில் இந்தக் கூட்டத்தைப் பார்த்தார், இறங்கி விசாரித்தார். பிச்சை எடுக்கும் நிலைமையிலும் நிலம் கொடு என்றுதான் கேட்டார்கள், ஊருக்குத் திருப்பி அனுப்பு என்று கேட்கவில்லை என்பது அவர் மனதைத் தொட்டது. தலைநகருக்குத் திரும்பி வெளியுறவு அமைச்சரிடம் முறையிட்டார், பாலாசியோஸிடமும் பேசினார். அதோடு நிற்காமல் பாரிஸில் இருந்த உலக யூதக் கூட்டமைப்புக்கு, முறையாகச் செய்தால் இந்த நாட்டில் யூதர்கள் விவசாயிகளாக நிலைக்க முடியும் என்று திட்டமே எழுதி அனுப்பினார். அந்தக் காகிதம்தான் கை மாறி பாரன் ஹிர்ஷிடம் போனது. ஒட்டோமான் நாட்டில் ரயில் பாதை போட்டுப் பெரும் செல்வம் சேர்த்தவர் அவர், ஒரே மகன் லூசியனை 1887-இல் இழந்திருந்தவர். ஆக, பாரன் ஊரைப் பெற்றெடுத்தார் என்பதைவிட, செத்துக்கொண்டிருந்த அந்த ஊர் பாரனைத் தேடிப் பிடித்தது என்பதுதான் நடந்ததற்கு நெருக்கம்.

1889 கடைசிக்கும் 1891-க்கும் இடைப்பட்ட காலத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிவிடும். எனக்கு அந்த இரண்டு வருடம்தான் முக்கியம். லோவென்தாலின் தலையீட்டுக்குப் பிறகு ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி நிலம் கிடைத்தது, கூடாரமும் குடிசையும் போட்டார்கள். வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் சிதறிவிட்டார்கள், சிலர் தலைநகருக்கு, சிலர் ரோசாரியோவுக்கு, சிலர் பக்கத்து மோனிகோத்தெஸுக்கு. மிஞ்சியவர்கள் ஏர் பிடிக்கக் கற்றது அக்கம்பக்கத்து இத்தாலியர்களிடம். சாந்தா ஃபே மாகாணம் 1856-இல் சுவிஸ், ஜெர்மன் குடும்பங்கள் நிறுவிய எஸ்பெரான்சாவில் தொடங்கி வரிசையாகக் குடியேற்ற ஊர்கள் முளைத்த மாகாணம். வடமேற்கு இத்தாலியிலிருந்து வந்த பியத்மோந்துக்காரர்கள் அங்கே நிறைய. எருதைப் பூட்டுவது, உழவுச்சாலை நேராக ஓட்டுவது, எந்த ஈரத்தில் விதைப்பது என்பதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்தும் கேட்டும்தான் பழகினார்கள். குதிரை ஏறவும் மாடு மேய்க்கவும் அந்தப் புல்வெளியின் குதிரைவீர மாட்டுக்காரர்களான கௌச்சோக்களிடம் கற்றார்கள். அந்த உறவு எப்போதும் நல்லபடியாக இருந்ததில்லை. முதல் வருடங்களில் ஒதுக்குப்புறத்தில் தனித்திருந்த குடும்பங்கள் மேல் தாக்குதல் நடந்தது, பல கொலைகள் விழுந்தன. சட்டமும் போலீஸும் எட்டாத எல்லைப் பகுதி அது. இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது: குடியேறிகள் வெற்றுப் புல்வெளி என்று நினைத்த வட சாந்தா ஃபே நிலம் வெற்றாக இருந்ததற்குக் காரணம், மொகொவி போன்ற பூர்வகுடிகளை அதற்கு முந்தைய பத்து இருபது வருடங்களில் ராணுவம் வடக்கே விரட்டியிருந்தது. அந்த விரட்டலில் யூதர்களுக்குப் பங்கில்லை. அதன் பலன் எல்லாக் குடியேறிகளையும் போல அவர்களுக்கும் வந்தது.

1891-இல் ஹிர்ஷின் சங்கம் தொடங்கியது, மூலதனம் 20 லட்சம் பவுண்டு, கிட்டத்தட்ட அத்தனையும் அவர் பணம். முதல் இயக்குநராக லோவென்தாலையே அனுப்பினார்கள், அந்த வருடமே அவரை மாற்றியும் விட்டார்கள். பாலாசியோஸின் நிலத்தைச் சங்கம் விலைக்கு வாங்கியது, மோய்செஸ்வில்காரர்கள் சங்கத்தின் குடியேறிகள் ஆனார்கள். தர்மம் கொடுத்தால் பிச்சைக்காரர்கள்தான் பெருகுவார்கள், உழைத்துத் திருப்பிக் கட்டுகிறவர்களாக மக்களை ஆக்க வேண்டும் என்பது ஹிர்ஷின் கொள்கை. அதனால் நிலம், வீடு, மாடு, விதை எல்லாமே கடன் கணக்கில் ஏறின, வட்டியோடு வருடத் தவணை. அவர் போட்ட கணக்கு மலைக்க வைப்பது, 25 வருடத்தில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களை ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுவருவது. 1896-இல் அவர் இறந்தபோது அர்ஜென்டினாவில் சங்கத்தின் எல்லா ஊர்களையும் சேர்த்தே 7,000 பேர்கூட இல்லை. பணம் குறைந்ததால் அப்படி ஆகவில்லை. ஒரு குடும்பம் நிலத்தில் வேரூன்ற எடுக்கும் காலத்தைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாமல் போனதுதான் காரணம் என்பது என் தொழில் அனுபவத்தில் எனக்குப் பட்டது. இதை வேறு மாதிரி வாதிடுகிறவர்களும் உண்டு, நிர்வாகிகளின் திறமைக்குறைவே காரணம் என்று. அதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது என் துறைக்கு வருகிறேன். முதல் வருடங்களில் எல்லோரும் போட்டது கோதுமை, கொஞ்சம் ஆளிவிதை. நிலம் கன்னி நிலம், மழை வந்தால் விளையும். ஆனால் ஒரே பயிரை நம்பியிருப்பவனுக்கு மூன்று எதிரிகள்: வறட்சி, சந்தை விலை, வெட்டுக்கிளி. 1890-களில் மூன்றும் சேர்ந்தே வந்தன. வெட்டுக்கிளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் நினைவுகளில் பாதியை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. வடக்கே சாக்கோ காட்டுப் பக்கமிருந்து வசந்த காலத்தில் பறந்து வரும் கூட்டம் முதலில் தின்கிறது, அப்புறம் மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. சில வாரத்தில் இறக்கை முளைக்காத குஞ்சுகள் வெளிவந்து தரையோடு தரையாக ஊர்ந்தும் குதித்தும் முன்னேறும், உண்மையான அழிவு அப்போதுதான். பறக்கும் கூட்டத்தைத் தகரம் தட்டி விரட்டலாம், அது பக்கத்து வயலில் போய் உட்காரும், அவ்வளவுதான் பலன். குஞ்சுகளைத் தடுக்கலாம். துத்தநாகத் தகடுகளை வயலைச் சுற்றி வேலி மாதிரி நட்டு, ஓரத்தில் குழி வெட்டி, குஞ்சுகளை அதில் தள்ளி மூடினார்கள். இது குடும்பம் மொத்தமும் இரவு பகலாகச் செய்யும் வேலை, பக்கத்து வயல்காரனும் சேர்ந்து செய்யாவிட்டால் வீண். முன்பின் பழக்கமில்லாத குடும்பங்களை ஊராக மாற்றியதில் ஜெப ஆலயத்துக்கு இருந்த பங்கு வெட்டுக்கிளிக் குழிக்கும் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஊரைக் காப்பாற்றிய பயிர் கோதுமை இல்லை, குதிரைமசால். நம் ஊரில் மாட்டுக்குத் தீவனமாகப் போடுகிறோமே, அதேதான். அதன் வேர் பல மீட்டர் ஆழம் போகும், மேல் மண் காய்ந்தாலும் அடியில் ஈரம் தேடிக்கொள்ளும். ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும், வருடத்துக்குப் பல அறுப்பு. வெட்டுக்கிளி இலையை மொட்டையடித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கோதுமை அப்படித் துளிர்க்காது, அந்த வருடம் போனது போனதுதான். குதிரைமசால் போட்டால் மாடு வளர்க்கலாம், மாடு இருந்தால் கொழுக்கவைத்து விற்கலாம், பால் கறந்து வெண்ணெய் ஆலைக்கு ஊற்றலாம். கோதுமைக்காரனுக்கு வருடத்தில் ஒருமுறை பணம் வரும், பால்காரனுக்கு மாதாமாதம் வரும். அதே காலத்தில் அர்ஜென்டினாவிலிருந்து ஐரோப்பாவுக்கு இறைச்சி ஏற்றுமதி பெருகியது, மாட்டுக்கு விலை இருந்தது. இங்கேதான் நான் மேலே சொன்ன சில்லறை வியாபாரிகளின் பழைய அறிவு கைகொடுத்தது. மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட, பேரம் பேச, எப்போது விற்க வேண்டும் என்று கணக்குப் போட அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விவசாயம் தெரியாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிய நிர்வாகிகள், விவசாயத்தில் பாதி விற்கத் தெரிவது என்பதைக் கவனிக்கவில்லை. என் வேலையில் நன்றாக உழத் தெரிந்தும் விற்கத் தெரியாமல் நொடித்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு திருப்பம் 1894. அதுவரை சங்கம் ஆட்களைத் தனித்தனியாகத் தேர்ந்து ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தது, சண்டையும் சச்சரவும் ஓயவில்லை. பிறகு முறையை மாற்றி, ஒருவரையொருவர் ஏற்கெனவே தெரிந்த குடும்பங்களே குழு சேர்ந்து வரட்டும் என்று விட்டார்கள். அப்படி கிரோத்னோ வட்டாரத்திலிருந்து சுமார் 40 குடும்பங்கள் வந்தன. அவர்களில் ஒருவரான நோவா காசோவிச் (ஸ்பானியத்தில் நோயே கொசியோவிச்) பிற்பாடு ஊரின் தலைவர்களில் ஒருவரானார், ஊரின் ஆரம்பக் கதையை எழுதியும் வைத்தார். சொந்தபந்தமும் ஊர்க்காரர்களுமாக வந்தவர்கள் நிலைத்தார்கள், நிலைத்தவர்கள் கடிதம் எழுதி மற்றவர்களை வரவழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் வருடங்களில் ஊர் பெருகியது இந்தக் கடிதங்களால்தான். வந்தவர்களை எப்படிக் குடியமர்த்துவது என்பதிலும் பாடம் கற்றார்கள். எல்லா வீட்டையும் ஒரே தெருவில் கட்டினால் வயல் தூரம், ஒவ்வொரு வீட்டையும் அவரவர் நிலத்தின் நடுவில் கட்டினால் தனிமையும் பயமும். பல இடங்களில் நடுவழியாக, நான்கு நிலங்கள் சந்திக்கும் மூலையில் நான்கு வீடுகளை அருகருகே வைத்தார்கள். ‘இருபத்து நான்கு வீடுகள்’, ‘பன்னிரண்டு வீடுகள்’ என்றே சில குடியிருப்புகளுக்குப் பெயர் நின்றுவிட்டது. யூதர்களுக்கு இது பாதுகாப்பு மட்டும் இல்லை, கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாது, நடந்து போகிற தூரத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் வழிபாடே நடக்கும்.

வழிபாடு என்றதும் நினைவுக்கு வருகிறது, தென் அரைக்கோளத்தில் பருவமே தலைகீழ். வசந்த காலப் பண்டிகையான பாஸ்கா அங்கே இலையுதிர் காலத்தில் வரும். முதல் கோதுமை அறுப்போடு சேர்ந்த வாரங்களின் திருவிழா குளிர்காலத்தின் வாசலில் வரும். கோதுமையை நிஜமாக அறுப்பது டிசம்பரில், வடக்கே பனிக்காலம். வேதத்தில் படித்த விவசாயத்தை முதல் முறையாகத் தம் கையால் செய்தவர்களுக்கு அதன் நாள்காட்டி பொருந்தவில்லை. ரபி கோல்ட்மன் புதிய மண்ணில் எழுந்த சமயச் சந்தேகங்களை ஐரோப்பாவில் இருந்த பெரிய ரபிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடமும் அப்படி ஒரு விசித்திரம். யித்திஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் சொல்லித்தர யார் கிடைப்பார்கள்? மொராக்கோவில் பிறந்து, வீட்டில் ஸ்பானியம் சார்ந்த மொழி பேசி, பாரிஸ் கூட்டமைப்பின் பள்ளிகளில் பயின்ற யூத ஆசிரியர்களைச் சங்கம் வரவழைத்தது.

கிபுட்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது கிபுட்ஸ் இல்லை. முதல் கிபுட்ஸான தெகானியா கலிலேயாவில் தொடங்கியது 1910 வாக்கில், மோய்செஸ்வில்லுக்கு இருபது வருடம் பிந்தி, வேறு ஒரு கொள்கையோடு. மோய்செஸ்வில்லில் நிலம் குடும்பத்துக்குத் தனித்தனி, 75 ஹெக்டேர், சில இடங்களில் அதற்கும் மேல், லாபமும் நஷ்டமும் அவரவருடையது. பொதுவாக இருந்தது கூட்டுறவுச் சங்கம். எந்திரே ரியோஸ் மாகாணத்தின் பாசவில்பாசோவில் 1900-இல் யூதக் குடியேறிகள் கூட்டுறவு தொடங்கியிருந்தார்கள், மோய்செஸ்வில்லில் 1908-இல் ‘லா முத்துவா அக்ரிகோலா’ வந்தது. விதை, கோணிப்பை, கருவிகளை மொத்தமாக வாங்குவது, விளைச்சலைச் சேர்த்து விற்பது, கடன் கொடுப்பது. மூட்டைக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசும் தானிய வியாபாரியின் பிடி அப்போதுதான் தளர்ந்தது. என்னைக் கேட்டால் பாரனின் பணத்துக்கு அடுத்தபடியாக அல்ல, அதற்குச் சமமாக வைத்துப் பேச வேண்டியது இந்தக் கூட்டுறவு. கம்பெனி கொடுத்த நிலத்தைக் கையில் வைத்திருக்க வழி செய்தது அதுதான்.

கம்பெனியோடு அவர்களுக்கு இருந்த மனஸ்தாபத்தைச் சொல்லாவிட்டால் பதில் முழுமை ஆகாது. நிர்வாகிகள் பாரிஸிலிருந்து வரும் உத்தரவைப் பார்ப்பார்கள், குடியேறிகள் வானத்தைப் பார்ப்பார்கள். ஒப்பந்தப்படி நிலத்தை உள்குத்தகைக்கு விடக் கூடாது, கடன் தீரும்வரை கிரயப் பத்திரம் கைக்கு வராது, சிலர் முன்கூட்டியே முழுத் தொகையையும் கட்ட முன்வந்தபோதும் சங்கம் எளிதில் இசையவில்லை. நிலத்தை வாங்கியதும் விற்றுவிட்டு நகரத்துக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன், ஓடியவர்கள் இருந்தார்கள். அதே நேரத்தில் ஊர் வளர்ந்துகொண்டும் இருந்தது. மோய்செஸ்வில் குடியேற்றத்தின் நிலம் கடைசியில் 1 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. 1925 வாக்கில் அர்ஜென்டினாவில் சங்கத்தின் ஊர்கள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 33,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். 1929-இல் மோய்செஸ்வில்காரர்கள் கதிமா என்ற பெயரில் ஒரு நாடக அரங்கையே கட்டினார்கள், புல்வெளி நடுவில், யித்திஷ் நாடகக் குழுக்கள் வந்து நடிக்கிற அளவுக்கு.

ஆனால் பெரிய பிழை என்று நான் நினைப்பது மகன்கள் விஷயம். அப்பாவின் நிலத்தைப் பங்கு போட்டால் யாருக்கும் காணாது. பக்கத்திலேயே சங்கத்தின் கையில் காலி நிலம் இருக்கும், ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வரப்போகிறவர்களுக்கு என்று நிறுத்திவைத்திருப்பார்கள். கல்யாணமான மகன் நிலம் கேட்டால் தூரத்தில் புதிதாகத் தொடங்கும் வேறு குடியேற்றத்துக்குப் போ என்பார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து, குதிரை ஏறத் தெரிந்து, உழத் தெரிந்து, குதிரைமசாலின் ஒவ்வொரு அறுப்பையும் கண்ணால் அளக்கத் தெரிந்த பையன்கள் அவர்கள். விவசாயம் தெரியாத அப்பாவுக்கு நிலம் கிடைத்தது, விவசாயம் தெரிந்த மகனுக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் நிறையப் பேர் பாலாசியோஸ் நிலையத்துக்குப் போய், அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கிய அதே பாதையில், தலைநகர் போகும் ரயிலில் ஏறினார்கள்.